மஞ்சள் ஏறாத தண்ணீர்

பத்தாவது பரீட்சை முடிந்த மே மாதம்
வெள்ளகோவில் நகராட்சியில் எங்களில் ஆறு பேரை எடுத்தார்கள்.
நாளுக்கு இருநூற்றைம்பது ரூபாய்.
கையில் தரமாட்டார்கள், வங்கியில்தான் ஏறும்.
கணக்குத் திறக்க அப்பாவின் கையெழுத்து வேண்டும்.
தறியை நிறுத்திவிட்டு வந்தார் அவர்.
அந்த அரைநாளில் அவருக்குப் போனது
எனக்கு ஒருநாள் வருவதைவிட அதிகம்.

தாஜுதீனுக்குப் பிறப்பு இறப்புப் பிரிவு.
மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து
வந்தவர்களையும் போனவர்களையும்
ஒரே விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.
எனக்குக் கழுத்தில் ஓர் அட்டை:
சௌடேஸ்வரி, குடிநீர்ப் பிரிவு, பயிற்சி மாணவி.
கையில் ஒரு பெட்டி. அதற்குள்
கண்ணாடிக் குழல், சொட்டு மருந்து, நிற அட்டை.

மேற்பார்வையாளர் அர்த்தநாரி வண்டியில் முன்னால்,
நான் சைக்கிளில் பின்னால்.
குழாயில் பிடித்த நீரில் ஐந்து சொட்டு விடவேண்டும்.
குளோரின் இருந்தால் மஞ்சள் ஏறும்.
தொட்டியடியில் மாரியாத்தாளுக்கு ஊற்றும் மஞ்சத்தண்ணி நிறம்.
சந்தைப்பேட்டை தாண்டினால் எலுமிச்சைத் தோல்.
கொப்பரை காயும் களங்களுக்குப் பின்னால்
நிறம் இருக்கிறதா இல்லையா என்று
வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்க்கவேண்டும்.

கடைசி வீதி, கடைசிக் குழாய்.
எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது கம்பம்.
ஐந்து சொட்டு விட்டேன்.
இன்னும் ஐந்து.
தண்ணீர் தண்ணீராகவே நின்றது.

"பாயிண்ட் ரெண்டுன்னு போட்டுக்க கண்ணு" என்றார்,
வண்டியிலிருந்து இறங்காமல்.
பதிவேட்டைப் பின்னால் புரட்டினேன்.
பாயிண்ட் ரெண்டு, பாயிண்ட் ரெண்டு,
ஒரே பேனா, ஒரே சாய்வு.
அக்டோபர் இருபத்தாறு வந்ததும் விரல் நின்றது.
தம்பிக்கு அரசு ஆஸ்பத்திரியில்
மூன்றாவது பாட்டில் ஏறிய நாள்.
அன்றைக்கும் பாயிண்ட் ரெண்டு.
அன்றைக்குத்தான் அம்மா
பானிபூரி வண்டிக்காரரை வீதிமுனையில் மறித்து
கேட்கக்கூடாததையெல்லாம் கேட்டாள்.
அதற்கப்புறம் அந்த மணிச்சத்தம்
எங்கள் பக்கம் வந்ததில்லை.

சைபர் என்று எழுதினேன்.
கை கொஞ்சம் நடுங்கியது, சைபர் முட்டை மாதிரி விழுந்தது.

"ஏங் கண்ணு, சைபர் எழுதினா
ராத்திரி நாந்தானே ஓடோணும்?
எங்கக்கா ஊட்ல இன்னிக்கு எழுதிங்கச் சீரு."
நான் பதில் சொல்லவில்லை.
பேனாவுக்கு மூடி போடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.
பதிவேட்டைப் பிடுங்கி பெட்டியில் போட்டு
வண்டியை உதைத்தார். நாலு உதைக்குப் பிறகு கிளம்பியது.

இரவு பத்தரைக்கு மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன்.
எங்கள் பக்கத்துத் தொட்டியின் ஏணியில்
ஒரு டார்ச் வெளிச்சம்
நின்று நின்று மேலே ஏறியது.

விடிகாலை குடத்தை முகர்ந்த அம்மா கத்தினாள்:
"எந்தப் புண்ணியவானோ பவுடர
மூட்டையோட கொட்டீட்டானாட்ட இருக்குது,
வாயில வெக்க முடியல!"
நான் அடுத்த குடத்தை வைத்தேன்.

அர்த்தநாரி மூன்று நாள் பேசவில்லை.
அவர் கால்சட்டை விளிம்பில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது.
நாலாம் நாள் கடைசிக் குழாயில்
குழலை அவரே வாங்கி வானத்துக்கு நேரே பிடித்தார்.
வெகுநேரம் பிடித்திருந்தார்.
"பாயிண்ட் ஒண்ணு" என்றார், "அதுக்கு மேல இல்ல."
அப்படியே எழுதினேன்.

மாதக் கடைசியில் போன் கிணுங்கியது.
ஐயாயிரத்து ஐந்நூறு.
நூறு ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டு
பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சைக்கிளை மிதித்தேன்.
புளிய மரத்தடியில் அதே சிவப்புத் துணி, அதே மணி.
என் கழுத்து அட்டையைப் பார்த்தார்,
நகராட்சி முத்திரையைப் பார்த்தார்.
நான் இரண்டு தட்டு என்று சொல்ல வாயெடுப்பதற்குள்
"கேன் தண்ணி, கேன் தண்ணி" என்றார்
காலி கேனைத் தூக்கிக் காட்டி.